நிழல் அலுவலகமும் ஒரு பொட்டலம் புற்றுமண்ணும்

முதல் பன்னிரண்டு எபிசோடு சொக்கத் தங்கம். பதிமூன்றாவதில் நீளக் கோட்டு போட்ட ஒருவன் கொட்டுகிற மழையில் நனையாமல் நடந்து வருவான். அதோடு சரி. அதற்கப்புறம் வெட்டும் குத்தும்தான். இதை என் மகனிடம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கிறேன். அவன் ஒரு தடவைகூட ஒத்துக்கொண்டதில்லை.

நாற்பத்தெட்டு வயதில் ஒரு ஜப்பான் அனிமே தொடரைப் பற்றி இவ்வளவு கறாராகப் பேசுகிற பெண்பிள்ளை சங்கரன்கோவிலில் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. நான் வேலை பார்ப்பது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில். ஜெராக்ஸ் என்பது போர்டில்தான். ஆதார் திருத்தம், பட்டா மாறுதல், பாஸ்போர்ட், முதியோர் பென்ஷன் என்று சுற்றுவட்டாரத்து விண்ணப்பம் பூராவும் என் கை வழியாகத்தான் போகிறது. மத்தியானம் ஆள் வராத நேரத்தில் நான் போனில் தொடர் பார்ப்பதைக் கடைக்கார அண்ணாச்சி எட்டிப் பார்ப்பார்.

"ஏம்மா, பேரன் பேத்தி எடுக்குத வயசுல பொம்மப் படமா பாக்க?"

"நம்ம கடைக்கு வாரவங்கள விட பொம்மப் படத்துல வாரவங்க ஒழுங்கா ஃபாரம் நிரப்புதாங்க அண்ணாச்சி."

அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். நான் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. அந்தத் தொடரில் உண்மையிலேயே ஃபாரம் நிரப்புகிறார்கள்.

மகன் ஜப்பானுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் அந்த ஆப்பை என் போனில் ஏற்றிக் கொடுத்தான். கணக்கு அவனுடையது. அதற்குள் எனக்கென்று தனியாக ஒரு பக்கம் திறந்து, ஒரு பூனைப் படத்தை ஒட்டினான். "எம்மா, நான் போற ஊரு மாதிரியே ஒரு ஊரு இதுல வருது, பாரு. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன்ல கேள்வி கேப்பேன்" என்றான். ஆறாம் வகுப்பிலிருந்தே அவனுக்கு இந்தப் பைத்தியம். பார்த்துப் பார்த்தே அந்த பாஷையில் பாதியைப் பிடித்துவிட்டான். மீதியைச் சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் படித்து, கார் உதிரிபாகம் செய்கிற ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனான். நான் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நின்றிருப்பான். அதனால்தான் சொல்லவில்லை.

கதை இதுதான். கடலோரத்தில் ஒரு நடுத்தர நகரம். அங்கே, தனக்காக வீட்டில் காத்திருக்க யாரும் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிழல் குறையும். முதலில் தலைநிழல் மங்கும், அப்புறம் தோள், அப்புறம் இடுப்பு. முழு நிழலும் போய்விட்டால் அந்த ஆள் அதே நகரத்துக்குள் ஒளிந்திருக்கிற இன்னொரு நகரத்துக்குப் போய்விடுவான். ஐந்து மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடி, மூன்று பெட்டி டிராமில் நாலாவது பெட்டி என்று அவர்களுக்கு மட்டும் இடம் இருக்கும். இந்தப் பக்கத்து மனுசர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். இதையெல்லாம் கவனித்துக்கொள்ள நகராட்சி அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கவுண்டர் உண்டு. அங்கே உட்கார்ந்திருக்கிற இருபது வயதுப் பெண்தான் கதாநாயகி. நிழல் குறைந்தவர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விண்ணப்பம் நிரப்புவாள். நிழல் எப்போதிருந்து குறைகிறது? கடைசியாக உங்களுக்காகக் காத்திருந்தது யார்? அவர் இப்போது எங்கே?

அவளை எனக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? இரண்டாவது எபிசோடில் ஒரு கிழவர், அந்தக் கடைசிக் கேள்வியில் நின்றுவிடுவார். பேனா கையில் இருக்கும். எழுதமாட்டார். அவளும் அவசரப்படுத்தமாட்டாள். அந்த அறையில் ஒரு ஃபேன் ஓடும், வெளியில் மழை பெய்யும். முழுதாக ஒரு நிமிடம் இதைத்தான் காட்டுவார்கள். என் கவுண்டரிலும் அப்படி ஆட்கள் வருவார்கள். "வாரிசு யாரும்மா?" என்று கேட்டதும் சுவர் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பின்னால் நிற்கிறவன் உச்சுக்கொட்டுவான். நானும் பல தடவை, "சட்டுன்னு சொல்லுங்க, சர்வர் நின்னுரும்" என்று விரட்டியிருக்கிறேன். அந்த எபிசோடைப் பார்த்தபின் விரட்டுவதில்லை. ஒரு படம் மனுசியைத் திருத்துமா என்றால், இந்த அளவுக்குத் திருத்தும்.

அதன் பலம் எல்லாம் சின்னச் சின்ன விஷயத்தில் இருக்கிறது. சோற்றிலிருந்து ஆவி வருவதை அவர்கள் வரைந்திருப்பதைப் பார்த்தால் பசியில்லாதவனுக்கும் பசிக்கும். மழை பெய்தால் தகரத்தில் ஒரு சத்தம், குடையில் ஒரு சத்தம், தண்ணீர் தேங்கிய ரோட்டில் வேறு ஒரு சத்தம். மாயம் என்றால் மின்னல் வெட்டி இடி இடிக்க வேண்டும் என்றுதான் நம் ஆட்கள் நினைப்பார்கள். இதில் அப்படி இல்லை. லிஃப்டில் ஆறு என்கிற பட்டன் சும்மா மெல்லிசாக எரியும், அவ்வளவுதான். எனக்குப் புல்லரித்துவிடும்.

ஆனால் எங்கள் தெருவில் இந்த அமைதியைக் கேட்பது லேசில்லை. இடதுபக்கத்து வீட்டில் நாலு விசைத்தறி, எதிர்த்த வீட்டில் ஆறு. கதாநாயகி பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டில் டடக் டடக் டடக். அதனால் மாதத்தில் ஒருநாள் கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாளுக்காகக் காத்திருப்பேன். முந்தின நாளே போனுக்கு முழுச் சார்ஜ் ஏற்றி, கடைக்கும் கரண்ட் இல்லாததால் லீவு, வீட்டுக்குள் வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து நாலு எபிசோடு சேர்ந்தாற்போல் பார்ப்பேன். தெருவே செத்ததுபோல் கிடக்கும். அந்த ஜப்பான் மழை அப்போதுதான் எனக்குச் சரியாகப் பெய்யும்.

இனிக் குறைகள். முதல் குறை, தமிழ் டப்பிங். முதல் பாகத்துக்கு யாரோ தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். நிழல் போன ஆத்மா ஒன்று, "இன்னாம்மா இப்டி பண்ட்ட" என்று மெட்ராஸ் பாஷையில் பேசியது. இரண்டே எபிசோடில் அதை அணைத்துவிட்டு, ஜப்பான் பேச்சையும் கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தையும் வைத்துக்கொண்டேன். ஃபாரம் இங்கிலீஷ் தெரிந்தவளுக்கு அந்த இங்கிலீஷ் போதும், நிறுத்தி நிறுத்திப் படித்தால். அப்படியே நாலு ஜப்பான் வார்த்தையும் ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது குறை அந்தக் கோட்டுக்காரன். அவன் நகரத்தில் இருக்கிற நிழலையெல்லாம் சேர்த்து விழுங்கப் பார்க்கிறவன். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அவன் வந்ததிலிருந்து அலுவலகத்தில் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் கத்தியைத் தூக்கிவிடுகிறார்கள். அதிலும் அடிப்பதற்கு முன்னால் இன்ன அடி அடிக்கப் போகிறேன் என்று அடியின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறார்கள். எதிரியும் அதுவரை பொறுமையாக நிற்கிறான். ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்த பிள்ளை ஓரமாக நின்று, "ஐயோ, பார்த்து!" என்று கத்துவதோடு சரி. ஒரு பாகம் முழுக்கத் தூக்கி நிறுத்திய பிள்ளையை இப்படியா மூலையில் நிறுத்துவது?

"எம்மா, அவன்தாம்மா மாஸு. அவன் ஏன் அப்படி ஆனான்னு ஃப்ளாஷ்பேக் வரும், பொறு" என்பான் மகன்.

"ஃப்ளாஷ்பேக்ல அவன் அம்மா செத்துருப்பா. அதான?"

"ஒனக்கு எப்படித் தெரியும்? பாத்துட்டியா?"

பார்க்கவேண்டியதே இல்லை. என்னுடைய மூன்றாவது குறையே அதுதான். இத்தனை பேர் வருகிற கதையில் உயிரோடு நடமாடுகிற அம்மா ஒருத்திகூட இல்லை. எல்லா அம்மாவும் ஒன்று செத்துப்போயிருப்பாள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, முகத்தில் மஞ்சள் வெயில் அடிக்க, மெதுவாகச் சிரிப்பாள். பிள்ளையைத் திட்டுகிற அம்மா, சாப்பிட்டாயா என்று பத்துத் தடவை கேட்டு எரிச்சல்படுத்துகிற அம்மா, ஏதாவது தப்பாகச் செய்து பிள்ளையின் மானத்தை வாங்குகிற அம்மா யாரும் கிடையாது. "ஒகாசான்" என்று பிள்ளைகள் அழும்போது மட்டும் நெஞ்சை அடைக்கும். அம்மா என்பதற்கு அவர்கள் வார்த்தை. நான் படித்த முதல் ஜப்பான் வார்த்தையும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்கு வீடியோ போன் வரும். அங்கே சாயங்காலம் நாலு மணி. போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு நான் காய் நறுக்குவேன். அவன் கட்டிலில் படுத்துக்கொண்டு தொடரைப் பற்றிப் பேசுவான். வேலை எப்படி என்றால் "நல்லாருக்கு". சாப்பாடு எப்படி என்றால் "நல்லாருக்கு". கூட இருக்கிற பையன்கள்? "நல்லாருக்காங்க". ஆனால் கோட்டுக்காரனைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் பேசுவான். எனக்கு அவன் குரல் வேண்டியிருந்தது. அதனால் கோட்டுக்காரனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். உள்ளதைச் சொன்னால், மகன் என்னோடு போட்ட சண்டையெல்லாம் கேட்பதற்காகவே சில குறைகளை நான் ஊதிப் பெரிதாக்கினேன்.

மற்ற ஆறு நாளும் வீட்டில் நான் மட்டும்தான். அவன் அப்பா அவனுக்குப் பத்து வயதிருக்கும்போது திருப்பூருக்கு வேலைக்குப் போனார். அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது. பதினாலு வருடம் ஆகிறது. ஊருக்கே தெரிந்த கதை, அதனால் யாரும் கேட்பதில்லை. நான் இட்லிக்கு ஊற்றினால் ஒரு தட்டு, அதிலும் இரண்டு குழி காலி. ஒருநாள் சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனவள் என் நிழலைத் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிச் சுவர்மேல் தலை வரைக்கும் முழுசாகத்தான் விழுந்திருந்தது. சிரிப்பாக இருந்தது. ஆனாலும் பார்த்தேனே. எனக்காக எந்த வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே துணியை மடித்தேன்.

இரண்டாம் பாகத்தில், அத்தனை வெட்டுக்குத்துக்கும் நடுவில், ஒரே ஒரு எபிசோடு பழையபடி வந்தது. பாலம் கட்டுகிற வேலைக்காக ஒரு மலைக் கிராமத்திலிருந்து இளவட்டப் பையன் ஒருத்தன் வருகிறான். அறையில் தனியாக இருக்கிறான். அவனுக்காகக் காத்திருக்க யாரும் இல்லை. ஆனால் அவன் நிழல் மட்டும் மை தீட்டினதுபோல் கருகருவென்று முழுசாக இருக்கிறது. நம் கவுண்டர் பிள்ளைக்குப் புரியவில்லை. எந்தக் கட்டத்திலும் அவனை அடைக்க முடியவில்லை. கடைசியில் அவன் சட்டைக்குள்ளிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக் காட்டுகிறான். உள்ளே அவன் வீட்டுக் கொல்லை மண். "இது எனக்காகக் காத்திருக்கிறது" என்கிறான். அவள் அதையும் ஃபாரத்தில் எழுதிக்கொள்கிறாள். தொடரிலேயே ஆகச் சிறந்த எபிசோடு அதுதான். என்னைக் கெடுத்ததும் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் முகம் சரியில்லை. கோட்டுக்காரனைத் திட்டினேன், எடுபடவில்லை. "ரூமுக்கு வந்தா ஒரு சத்தமும் இல்லம்மா. காது அடைச்ச மாதிரி இருக்கு. தறிச் சத்தம் இல்லாம தூக்கமே வரமாட்டேங்கு" என்றான். உடனே பேச்சை மாற்றிவிட்டான். என்னால் மாற்ற முடியவில்லை.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கினேன். எங்கள் ஊரில் தேள் கடித்தாலும் புற்றுமண், தேமல் வந்தாலும் புற்றுமண், பிள்ளை மிரண்டு அழுதாலும் புற்றுமண். வெள்ளைத் துணியில் அதை முடிந்து, அதற்கொரு பிளாஸ்டிக் கவர், அதற்குமேல் சாத்தூர் காராச்சேவு, நார்த்தங்காய் ஊறுகாய், இரண்டு பனியன். கூரியரில் ஒவ்வொரு சாமானும் என்ன என்று எழுதச் சொன்னார்கள். ஊருக்கெல்லாம் ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிற கெட்டிக்காரி நான். எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் கேள்வி வராது என்று எனக்குத் தெரியாதா? மண் என்று எழுதவில்லை. பூஜைப் பொடி என்று இங்கிலீஷில் எழுதினேன். கூரியர்காரன் விபூதியா என்று கேட்டான். "அது மாதிரிதான்" என்றேன்.

அந்தத் தொடரின் நாலாவது குறையை அப்போது நான் கண்டுபிடித்திருக்கவில்லை. அந்த மலைக்காரப் பையன் சொந்த நாட்டுக்குள்ளேயே மண்ணைக் கொண்டுவந்தான். அவனைச் சோதிக்க எந்த வாசலிலும் ஆள் நிற்கவில்லை.

ஒன்றரை வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, நான் கடையில் ஒரு பெரியவருக்குப் பென்ஷன் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும்போது மகன் கூப்பிட்டான். புதன்கிழமை அவன் கூப்பிட்டதே இல்லை. ஓடிவந்து வாசலில் நின்று எடுத்தேன்.

"எம்மா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? மண்ணப் போயி யாராச்சும் பார்சல்ல அனுப்புவாங்களா?"

"மண்ணு இல்லலே, புத்துமண்ணு. கோயில்ல..."

"எந்தக் கோயிலா இருந்தா என்ன! இந்த நாட்டுக்குள்ள வெளி மண்ணே வரக்கூடாது. பூச்சி, வேரு, நோயின்னு ஆயிரம் சட்டம். பொடின்னு பொய் எழுதி அனுப்பிருக்க. கஸ்டம்ஸ்லேருந்து லெட்டர் கம்பெனிக்கு வந்துட்டு. சூப்பர்வைசர், மேனேஜரு, ஆபீஸ்ல ஒரு அம்மான்னு மூணு பேரு என்னய உக்கார வச்சிக் கேக்காங்க, இது என்னன்னு. புத்துன்னா என்னன்னு நான் எந்த பாஷையில சொல்ல?"

"திருப்பி அனுப்பிருவாங்களாலே?"

"அழிச்சிருவாங்க. வேல உறுதி ஆகுறதுக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கு. இதுக்குள்ள என் மானத்த வாங்கிட்ட. அந்தப் படத்தப் பாத்துத்தான அனுப்புன? அது படம்மா! படம்!"

வைத்துவிட்டான். பெரியவர் உள்ளே காத்திருந்தார். நான் போய் அவருடைய பிறந்த தேதியைத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடியும் தப்பாக அடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரைக்குப் போன் வரவில்லை. ஒரு மணிக்கு நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தப்புத்தான், மன்னித்துக்கொள் என்று எழுதி அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது, நீலமாகவில்லை. திங்கள், செவ்வாய், புதன், தினமும் எழுதினேன். அம்மா மன்னிப்புக் கேட்டால் பிள்ளை இறங்கிவருவான் என்று நினைத்தேன். இறங்கவில்லை. கோபம் அவனுக்குச் சீக்கிரம் வராது, வந்தால் சீக்கிரம் போகாது. அதை யாரிடமிருந்து வாங்கினான் என்று நான் வெளியில் தேடவேண்டியதில்லை.

ஒரு வழி மட்டும் இருந்தது. அந்த ஆப்பில் என் பூனைப் பக்கத்துக்குப் பக்கத்திலேயே அவன் பக்கமும் இருக்கும். அதைத் திறந்தால் எந்த எபிசோடில் எத்தனை நிமிடம் பார்த்திருக்கிறான் என்று ஒரு சிவப்புக் கோடு காட்டும். அவன் ஏதாவது பார்த்தால் கோடு நகரும். காலையில் பல் விளக்கியதும் பார்ப்பேன். கடையில் இரண்டு விண்ணப்பத்துக்கு ஒருதடவை பார்ப்பேன். ஒரு சண்டைக்கு நடுவில், பாதியில், கோடு நின்றுபோயிருந்தது. வேலை முடிந்து வந்தால் ஒரு எபிசோடாவது பார்க்காமல் தூங்காதவன் அவன். ஏழு நாள், எட்டு நாள், பத்து நாள். கோபம் என்றால் என்மேல்தானே? படத்தின்மேல் என்ன கோபம்? வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களோ? உடம்புக்கு ஏதாவதா? அந்தச் சத்தமில்லாத அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறானோ? தொடரில் நிழல் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான், முதலில் பிடித்ததை நிறுத்துவார்கள். அது படம்தான், எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் போதுமா?

பதினோராவது நாள் ஆடித்தபசு. ஊர் கொள்ளாத கூட்டம். கடைக்கு லீவு. எங்கள் தெருவில் தறி ஒன்றுகூட ஓடவில்லை. எல்லா வீட்டிலும் விருந்தாள், எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டோடு, தபசிருக்கும் அம்மனுக்குச் சாமி காட்சி கொடுப்பதைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, "வரலியாக்கா?" என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். மைக் செட்டுச் சத்தம் தூரத்தில் கேட்டது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. காது அடைத்ததுபோல் என்று அவன் சொன்னானே, அது இதுதான் போலிருக்கிறது.

கிளம்பும்போது அவன் எழுதிக் கொடுத்த ஒரு தாள் பீரோவில் இருந்தது. அவன் தங்கியிருக்கிற கம்பெனி விடுதியின் போன் நம்பர். அவசரம் என்றால் மட்டும் என்று மேலே எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான். நாலரை மணி. அங்கே எட்டு. சாப்பிட்டு முடித்திருப்பார்கள். நம்பரை அழுத்தினேன்.

ஒரு வயதான பெண் குரல் எடுத்தது. "மொஷி மொஷி?"

போனை எடுத்ததும் அவர்கள் சொல்கிற ஹலோ, தொடரில் ஆயிரம் தடவை கேட்ட வார்த்தை. ஆனால் எதிரில் ஒரு நிஜ மனுசி அதைச் சொன்னதும் நான் படித்ததில் மூன்று வார்த்தைதான் நினைவுக்கு வந்தது. "மொஷி மொஷி. இந்தோ. ஒகாசான்" என்றேன். இந்தியா, அம்மா. அந்த அம்மாளுக்குப் புரிந்தது. "ஆ, ஒகாசான்!" என்று சந்தோஷமாக ஏதோ சொன்னாள். இந்தியாவிலிருந்து போனவர்களே அங்கே ஏழு பேர், வெவ்வேறு மாநிலம். யாருடைய அம்மா என்று கேட்கிறாள் என்று ஊகித்துக்கொண்டு மகன் பெயரைச் சொன்னேன்.

"இனாய்" என்றாள்.

இல்லை என்று அர்த்தம். மறுபடியும் அவன் பெயரை நிறுத்தி நிதானமாக, எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவளும் தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, வருத்தமாக, "இனாய், இனாய்" என்றாள். அப்படி ஒருத்தர் இங்கே இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். இல்லை என்றால் எங்கே? எங்கே போனான் என் பிள்ளை? மூன்றாவது தடவையும் அந்தப் பெயரையே சொன்னேன், இந்தத் தடவை அழுகை கலந்து. அவள் பதறிப்போய் எதையோ வேகமாகப் பேசினாள். காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. விடுதிப் பதிவேடாக இருக்கும். அந்தச் சத்தம் எனக்குப் பழகின சத்தம். அப்போதுதான் புரிந்தது.

அவனுடைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பியவள் நான். நமக்கெல்லாம் ஏது குடும்பப் பெயர்? ஆனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் விசாவில் இடிக்கும் என்று, துபாய்க்கும் சவூதிக்கும் போகிற கடையநல்லூர்ப் பையன்களிலிருந்து எல்லாருக்கும் தகப்பன் பெயரை அதில் போட்டுவிடுவது எங்கள் கடை வழக்கம். கைப்பழக்கத்தில் என் பிள்ளைக்கும் அதையே அடித்தேன். அங்கே கடைசிப் பெயரைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். தொடரிலும் அப்படித்தான். நூறு எபிசோடு பார்த்தவளுக்கு இது உறைக்கவே இல்லை. என் மகனை அங்கே யாரும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவன் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அந்தக் காலத்துப் பெண்களின் வழக்கம். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் சொல்லாததற்குக் காரணம் வேறு. எத்தனையோ கட்டத்தில் அந்தப் பெயரை அடித்திருக்கிறேன், விரல் அடித்துவிட்டுப் போகும். வாயால் சொன்னதில்லை. பதினாலு வருடமாக அந்தப் பெயர் என் வீட்டுக்குள் ஒலித்ததில்லை. தெருவில் அதே பெயருள்ள ஒரு பையனைக்கூட "ஏலே, ஒன்னத்தான்" என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த அம்மாள் காத்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

சொன்னேன். பாதியில் நின்று, பிறகு முழுசாகச் சொன்னேன்.

"ஆஆ!" என்று அவள் சிரித்துவிட்டாள். ரிசீவரை வைத்துவிட்டு, நீளமான ஒரு வராந்தாவில், மாடிப்படியைப் பார்த்துக் கத்துகிறாள் என்று தெரிந்தது. அந்தப் பெயரோடு மரியாதைக்கு ஒரு சான் சேர்த்து, ஒரு ராகத்தோடு கூப்பிட்டாள். இரண்டாவது தடவை ஒகாசான் என்பதையும் சேர்த்துக்கொண்டாள். அந்தப் பெயரை அவ்வளவு பிரியமாக யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானே கூப்பிட்டதில்லை.

மேலேயிருந்து "ஹை!" என்று பதில் வந்தது. என் மகன் குரல். பளிச்சென்று, பழகின குரலில், அவன் தன் பெயருக்குப் பதில் சொல்வதுபோல. படியில் தடதடவென்று இறங்குகிற சத்தம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எம்மா? என்னம்மா? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆவலலே. நீ நல்லாருக்கியா?"

"நல்லாத்தான் இருக்கேன். நைட் ஷிஃப்ட் மாத்திட்டாங்க, தூங்கி எந்திரிக்கவே நேரம் சரியா இருக்கு. ஒன்ட்ட கோவமாத்தான் இருந்தேன். பெறவு எப்படிப் பேசன்னு தெரியல."

"வேல?"

"வேலைக்கு ஒண்ணும் இல்ல. எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு விட்டுட்டாங்க." அந்த அம்மாள் பக்கத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே போனது கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டான்: "எம்மா, இந்தம்மா சொல்லுதாங்க... நீயா அந்தப் பேரச் சொன்ன?"

"நானேதான்லே."

"நீயாம்மா?"

"ஒம் பேரச் சொன்னா அங்கன யாருக்கும் தெரியலியே. ஏன்லே எங்கிட்ட சொல்லல, இப்படித்தான் கூப்பிடுதாங்கன்னு?"

"ஒன்ட்ட போயி எப்படிச் சொல்ல?" என்றான். குரல் உடைந்துவிட்டது. எனக்கும்தான். வெளியில் வெடிச் சத்தமும் குலவையும் கேட்டது, காட்சி கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

"இனிமே நீ எப்பக் கூப்பிட்டாலும் எடுக்கேம்மா" என்றான். "ஒன்ன அந்தப் பேரச் சொல்ல வைக்க மாட்டேன்."